பூமிக்குள் குழம்புக் கடல் இல்லை: புவித்தட்டுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மேசையில் கைக்கு அடக்கமான ஒரு பசால்ட் கல் இருக்கிறது. எரிமலையிலிருந்து வந்த கருங்கல். அதன் உடைந்த முகத்தில், புளியங்கொட்டை அளவுக்குப் பச்சையாக ஒரு துண்டு பதிந்திருக்கிறது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால், உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போன்ற பச்சை மணிகள் நெருக்கமாக அடுக்கியிருப்பது தெரியும். அந்த மணிகள் ஒலிவின் என்னும் கனிமம். அந்தப் பச்சைத் துண்டு பூமியின் கவசத்தை, அதாவது மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையிலுள்ள அடுக்கைச் சேர்ந்தது. மேலேறி வந்த குழம்பு, வழியில் இருந்த கவசப் பாறையிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

மாணவர்கள் கையில் அதைக் கொடுத்து, "இது கவசத்தின் ஒரு துண்டு" என்று சொன்னால் நம்பமாட்டார்கள். "கவசம் சிவப்பாத்தானே சார் இருக்கும்? உருகித்தானே இருக்கும்?" என்பார்கள். புவித்தட்டுகள் பற்றிய பாடத்தில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு நம்பிக்கையிலிருந்து முளைத்தவை. மேலே மெல்லிய ஓடு, கீழே கொதிக்கும் குழம்புக் கடல், அதில் தெப்பம்போல மிதக்கும் தட்டுகள் என்று மனத்தில் ஒரு படம் பதிந்துவிடுகிறது. அந்தப் படத்தை அழிக்காமல் மேலே எதைக் கற்றாலும் கோணலாகத்தான் நிற்கும்.

கவசம் திடமானது, ஆனாலும் பாய்கிறது

படங்களில் கவசத்துக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பூசுவது வெப்பத்தைக் காட்டத்தான். பார்ப்பவர்களோ அதை உருகிய நிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கவசம் திடப்பொருள் என்பதற்குச் சாட்சி நிலநடுக்க அலைகள். இரண்டாம் நிலை அலைகள் எனப்படும் எஸ் அலைகள், தாம் செல்லும் திசைக்குக் குறுக்காகப் பாறையை அசைத்தபடி போகின்றன. திடப்பொருளை அப்படி அசைத்தால் அது எதிர்த்துப் பழைய நிலைக்கு மீளும். அந்த மீட்சிதான் அலையை முன்னே கொண்டுசெல்கிறது. திரவத்துக்கு அந்த எதிர்ப்பு கிடையாது, அதனால் எஸ் அலை அதற்குள் நுழைய முடியாது. கவசத்தின் 2,890 கி.மீ. ஆழத்தையும் எஸ் அலைகள் கடந்து போகின்றன. திரவமான வெளிக்கருவத்தின் வாசலில்தான் அவை நின்றுபோகின்றன.

உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்போ கெட்டியான பாறை மேல தட்டு எப்படி நகரும்?" மிக நியாயமான கேள்வி. நாம் பள்ளியில் திடம், திரவம் என்று இரண்டு பெட்டிகள் வைத்துக்கொண்டு, பாய்வது எல்லாம் திரவம் என்று எழுதிவிட்டோம். பனியாறு அந்த இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காது. சுத்தியலால் அடித்தால் பனிக்கட்டி நொறுங்கும். அதே பனி மலைச்சரிவில் ஆண்டுக்கணக்கில் வளைந்து நெளிந்து இறங்கிவருகிறது. உலையில் பழுத்த இரும்பும் அப்படித்தான், உருகாமலேயே அடிக்கு அடி வடிவம் மாறும். கவசப் பாறைக்கு வெப்பமும் இருக்கிறது, அழுத்தமும் இருக்கிறது, அவற்றோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் காலமும் இருக்கிறது. படிகங்களுக்குள் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கதியில் பாறை பாய்கிறது. நிலநடுக்க அலை நொடிகளில் வந்துபோவதால் அதற்குக் கவசம் கல்; கண்டங்களின் கால அளவில் பார்த்தால் அதே கவசம் பாகு.

இதை நேரிலேயே அளக்கலாம். கடைசிப் பனியுகத்தில் ஸ்காண்டிநேவியாவை ஏறத்தாழ மூன்று கி.மீ. தடிமனுள்ள பனி அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. பாரம் இறங்கிய நிலம் இன்னும் எழும்பிக்கொண்டே இருக்கிறது. போத்னியா வளைகுடாக் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மி.மீ. உயர்வு. அடியிலிருந்து விலகிப்போன கவசப் பாறை மெல்லத் திரும்பி வருவதுதான் காரணம். கீழே இருப்பது திரவமாக இருந்திருந்தால் நிலம் பனியோடு கூடவே எழும்பி முடித்திருக்கும். பாயவே முடியாத கல்லாக இருந்தால் இத்தனை காலம் எழும்பிக்கொண்டிருக்காது.

கவசத்தில் உருகிய பாறையே இல்லையா என்றால், உண்டு. சில இடங்களில் மட்டும், அதுவும் படிகங்களின் இடுக்குகளில் சிறு அளவாக. தட்டுகளுக்கு அடியில் உள்ள அஸ்தெனோஸ்பியரைப் பல குறிப்புகள் "உருகிய அடுக்கு" என்று எழுதுகின்றன. "இளகிய அடுக்கு" என்று திருத்திக்கொள்ளுங்கள். உருகுநிலைக்கு அருகில் இருப்பதால் அது மற்ற பகுதிகளைவிடத் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு தாளில் அளவோடு வரைந்து பாருங்கள்

காம்பசை எடுத்து 6.4 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். 1 செ.மீ. என்பது 1,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதுதான் 6,371 கி.மீ. ஆரம் கொண்ட பூமி. அதே மையத்தில் 3.5 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டம், வெளிக்கருவத்தின் எல்லை. பிறகு 1.2 செ.மீ. ஆரத்தில் ஒன்று, உட்கருவம். இப்போது மேலோட்டை வரையப் பாருங்கள். கண்ட மேலோடு சராசரியாக 35 முதல் 40 கி.மீ.; தாளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கடலடி மேலோடு சுமார் 7 கி.மீ.; அது உங்கள் பென்சில் கோட்டுக்குள்ளேயே மறைந்துபோகும். மனிதர் துளைத்ததிலேயே மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது, 12,262 மீட்டர். தாளில் அது 0.12 மி.மீ., ஏறக்குறைய அந்தத் தாளின் தடிமன்.

இந்தப் படத்தை ஒருமுறை தன் கையால் வரைந்தவர், மேலோட்டை விரல் தடிமனுக்கு வரைந்த படத்தைக் கண்டு மறுபடி ஏமாறமாட்டார்.

பூமியை முட்டையோடு ஒப்பிடுவது பழைய வழக்கம். அளவில் அந்த உவமை அழகாகப் பொருந்துகிறது, ஆனால் நாம் நினைக்கும் இடத்தில் அல்ல. முட்டையின் ஆரத்தில் ஓடு ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். பூமியின் மேலோடு அரை சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். ஒன்றரை சதவீதம் என்பது சுமார் 100 கி.மீ.; அது மேலோட்டின் தடிமன் இல்லை, தட்டின் தடிமன். வெள்ளைக்கருவைக் கவசம் என்று எடுத்துக்கொண்டால் மட்டும் மறுபடி குழம்புக் கடலில் போய் விழுவோம்.

மேலோடு வேறு, தட்டு வேறு, கண்டம் வேறு

தேர்வுத்தாள்களில் இந்த மூன்று சொற்களும் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காருவதை அடிக்கடி பார்க்கிறேன். மேலோடு, கவசம், கருவம் என்ற பிரிவு பாறை எதனால் ஆனது என்பதைப் பார்த்துச் செய்தது. தட்டு என்பது பாறை எவ்வளவு விறைப்பானது என்பதைப் பார்த்துச் செய்த பிரிவு. குளிர்ந்து விறைத்த மேல் கவசமும் அதன் மேல் ஒட்டியிருக்கும் மேலோடும் சேர்ந்ததுதான் பாறைக்கோளம். அது உடைந்து கிடக்கும் துண்டுகளே தட்டுகள். ஆக, ஒவ்வொரு தட்டின் அடிப்பகுதியும் கவசமே. "மேலோடு கவசத்தின் மேல் வழுக்கிச் செல்கிறது" என்று எழுதினால் தவறு. 1909இல் ஆந்திரியா மொஹோரோவிசிச் கண்டுபிடித்த மேலோடு–கவச எல்லையில் எந்த வழுக்கலும் நடப்பதில்லை. வழுக்கல் அதற்கு வெகு கீழே, இளகிய அடுக்கில்.

கண்டம் என்பது தட்டின் மேல் பயணம் செய்யும் ஒரு சுமை. ஆப்பிரிக்கத் தட்டு அட்லாண்டிக் கடலின் நடுவரை நீள்கிறது. பசிபிக் தட்டு ஏறத்தாழ முழுவதும் கடல்தளம். 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்ந்தன என்றார், அது சரி. கடல்தளத்தைக் கண்டங்கள் உழுதுகொண்டு போயின என்ற அவருடைய எண்ணம் சரியில்லை. 1960களில் கடல்தளம் விரிவதைக் கண்டுகொண்ட பிறகே தட்டுக் கோட்பாடு பிறந்தது. "வெகனரின் தட்டுக் கோட்பாடு" என்று எழுதாதீர்கள்.

சியால், சிமா, நைஃப் என்ற பெயர்களை மனப்பாடம் செய்திருப்பீர்கள். பூமியின் அடுக்குகளுக்கு எடுவர்ட் சூஸ் என்ற புவியியலாளர் நூறு ஆண்டுகளுக்கும் முன் வைத்த பெயர்கள் அவை. கேட்டால் எழுதுங்கள். பூமியைப் புரிந்துகொள்ள அவற்றை நம்பியிருக்க வேண்டாம்.

தட்டை நகர்த்துவது எது

கவசத்தில் வெப்பச்சலனம் (சூடானது மேலேற, குளிர்ந்தது கீழிறங்கும் சுழற்சி), அதன் மேல் தட்டு, பெட்டியைச் சுமக்கும் கன்வேயர் பட்டைபோல. எல்லோரும் வரையும் வட்ட அம்புக்குறிப் படம் இதுதான். வெப்பச்சலனம் உண்மை. தட்டு வெறும் பயணி என்பதில்தான் பிழை.

தட்டுகள் விலகும் கடலடி மலைத்தொடரான நடுக்கடல் முகட்டில் பிறக்கும் கடல்தளத் தட்டு, விலகிச் செல்லச் செல்லக் குளிர்ந்து கனக்கிறது. கடைசியில் அடியிலுள்ள கவசத்தைவிட அடர்த்தி மிகுந்து, இன்னொரு தட்டின் கீழே அமிழ்கிறது. அமிழும் முனை தன் எடையால் பின்னால் உள்ள தட்டு முழுவதையும் இழுக்கிறது. மேசை விரிப்பின் ஒரு பக்கம் அதிகம் தொங்கினால் முழு விரிப்பும் சரிவது போல. தட்டுகளின் வேகத்தைப் பார்த்தாலே இது விளங்கும். நீளமான அமிழும் விளிம்பு உள்ள பசிபிக், நாஸ்கா தட்டுகள் வேகமானவை. அப்படிப்பட்ட விளிம்பு அதிகம் இல்லாத ஆப்பிரிக்க, யூரேசியத் தட்டுகள் மெதுவானவை. வெப்பச்சலனத்தின் குளிர்ந்த மேற்பகுதியே தட்டுதான். அதைத் தனியாகவும் சலனத்தைத் தனியாகவும் வரைவதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது

கருவத்திலிருந்து வருவதில்லை. கருவம் இரும்பும் நிக்கலும். எரிமலை கக்குவது சிலிக்கேட் பாறைக் குழம்பு. "தட்டுகள் உரசுவதால் சூடேறி உருகுகின்றன" என்ற விடையும் பொருந்தாது. அமிழும் தட்டு குளிர்ந்த தட்டு. அது போகும் இடத்தைக் குளிர்விக்கத்தான் செய்யும். பிறகு ஆண்டீஸிலும் ஜப்பானிலும் எரிமலைகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன? அமிழும் தட்டின் கனிமங்களில் நீர் சிறைப்பட்டிருக்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் பிழியப்பட்டு மேலே உள்ள சூடான கவசத்துக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்ததும் பாறையின் உருகுநிலை இறங்கிவிடுகிறது. பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் உருகுவது போல. வெப்பம் கூடாமலேயே பாறை உருகுகிறது.

நடுக்கடல் முகட்டில் கதை வேறு. அங்கே தட்டுகள் விலக, அடியிலுள்ள கவசம் மேலெழுகிறது, அழுத்தம் குறைகிறது, அதனால் ஒரு பகுதி உருகுகிறது. இங்கும் புதிதாகச் சூடேற்ற யாரும் இல்லை. பக்கவாட்டில் உரசும் எல்லைகளில், உதாரணமாகக் கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில், இரண்டு வழியும் இல்லாததால் அந்த உரசல் எரிமலைகளை உண்டாக்குவதில்லை. உரசலே போதும் என்றால் அங்கேதான் முதலில் எரிமலை வந்திருக்க வேண்டும்.

மையத்தில் ஏன் திடம்

வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் உட்கருவம் எப்படித் திடமாக இருக்கும் என்று கேட்காத வகுப்பே இல்லை. ஆழம் கூடக் கூட வெப்பமும் ஏறுகிறது, இரும்பின் உருகுநிலையும் ஏறுகிறது. உட்கரு எல்லையில் 30 லட்சம் வளிமண்டலங்களுக்கும் மேலான அழுத்தத்தில் உருகுநிலை முந்திவிடுகிறது. வெளிக்கருவத்தில் வெப்பம் முந்தியிருக்கிறது. 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன், கருவம் மறைப்பதால் நிலநடுக்க அலைகள் எட்டாத நிழல் மண்டலத்துக்குள், வந்திருக்கக் கூடாத மெல்லிய அலைகளை நிலநடுக்கப் பதிவுகளில் கண்டு, கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருப்பதைச் சொன்னார். உட்கருவம் ஒரு பெரிய காந்தம் என்று நினைப்பதும் தவறு. 770 டிகிரிக்கு மேல் இரும்பு நிலைக்காந்தத் தன்மையை இழந்துவிடும். பூமியின் காந்தப்புலம், சுழலும் வெளிக்கருவத் திரவ இரும்பில் ஓடும் மின்னோட்டத்தால் வருவது.

கெல்வின் தவறிய இடம்

மேலோட்டில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் ஏறுகிறது. அதை அப்படியே மையம் வரை பெருக்கினால் ஒன்றரை லட்சம் டிகிரிக்கு மேல் வரும். கவசத்தில் ஏற்றம் மிக மெதுவாகிறது, பெரும்பகுதியில் கிலோமீட்டருக்கு அரை டிகிரி அளவே. பாய்ந்து கலக்கும் பொருள் தன் வெப்பத்தைப் பரப்பிவிடுவதே காரணம்.

இதே இடத்தில்தான் 19ஆம் நூற்றாண்டின் மாபெரும் இயற்பியலாளர் கெல்வினும் இடறினார். பூமி அசையாத திடப்பந்து, வெப்பம் கடத்தல் வழியே மட்டும் வெளியேறுகிறது என்று வைத்து, 1862இல் பூமியின் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகளுக்குள் என்று கணக்கிட்டார். கதிரியக்கம் அப்போது தெரியாததால்தான் தவறினார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அதைவிடப் பெரிய காரணத்தை, கதிரியக்கம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, 1895இல் அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி சுட்டிக்காட்டியிருந்தார். பூமியின் உட்புறம் மெல்லப் பாய்ந்து வெப்பத்தை மேலே கொண்டுவருமானால், அதே மேற்பரப்பு வெப்ப அளவீடுகளுக்கு நூறு கோடிகளில் வயது சொல்ல முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கெல்வின் ஏற்கவில்லை. பாறை பாயும் என்ற எண்ணம் அறிவியலில் நிலைபெற இன்னும் 70 ஆண்டுகள் ஆயின.