போனில் விழுகிற பார்கோடு கடையில் ஏன் விழுவதில்லை?

ராமநாதபுரம் கரையோரத்தில் நெத்திலிக் கருவாடு, கருப்பட்டி, முண்டு மிளகாய் என்று பாக்கெட் போடுகிறவர்களிடம் பார்கோடு சரியா என்று கேட்டால், “போன்ல அடிச்சுப் பார்த்தோம், விழுந்துச்சு” என்பார்கள். முதல் தவறு அதுதான். போன் கேமரா படம் பிடித்து, மங்கலையும் கோணலையும் தானே சரிக்கட்டிப் படித்துவிடும். பில் போடும் இடத்து ஸ்கேனர்கள் பலவும் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகின்றன. வெள்ளையில் பட்டு அதிகமாகவும் கோட்டில் பட்டுக் குறைவாகவும் திரும்பும் ஒளியை வைத்துத்தான் எண்ணைப் படிக்கின்றன.

அதனால் மிளகாய் பாக்கெட்டுக்குப் பொருத்தமாக இருக்குமே என்று கோடுகளைச் சிவப்பில் அடித்தால் தொலைந்தது. சிவப்பு ஒளியில் சிவப்புக் கோடும் வெள்ளையாகவே தெரியும். பழுப்பும் நம்பத்தக்கதல்ல. கருப்பு, அடர்நீலம், அடர்பச்சை போதும்.

இதைவிட நம் பக்கம் அதிகம் நடப்பது, கண்ணாடிபோலத் தெரியும் கவரில் நேரடியாகக் கோடு அடிப்பது. அங்கே பின்னணியே உள்ளே கிடக்கும் கருவாடுதான்! கோட்டுக்கும் இடைவெளிக்கும் வித்தியாசமே இராது. முதலில் வெள்ளைப் பட்டை அடித்து, அதன்மேல் கோடு வர வேண்டும். பளபளக்கும் வெள்ளித்தாள் கவருக்கும் இதே வைத்தியம்தான்.

அடுத்தது இட நெருக்கடி. கடைப் பொருள்களில் வரும் 13 இலக்கக் கோட்டின் முழு அளவில் மிக மெல்லிய கோடு 0.33 மி.மீ.; இரு பக்க வெற்றிடமும் சேர்த்து மொத்த அகலம் 37.29 மி.மீ. இதை 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே கூடாது. இடப்பக்கம் மெல்லிய கோட்டைப்போல் 11 மடங்கும், வலப்பக்கம் 7 மடங்கும் வெறுமையாக இருக்க வேண்டும். வடிவமைப்பாளர் அழகுக்காகக் கட்டம் போட்டு அந்த வெற்றிடத்தைத் தின்றுவிடுகிறார். என் கணக்கில் அச்சு இயந்திரத்தைவிட இந்தக் கட்டம்தான் பெரிய குற்றவாளி.

ரிப்பன் (மை பூசிய நாடா) இல்லாமல் சூட்டில் கருக்கும் ஸ்டிக்கர் வெயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் மங்கும். மாதக்கணக்கில் இருப்பு வைக்கும் கருவாட்டுக்கு ரிப்பன் அச்சே நல்லது. 100 கிராமுக்கும் 250 கிராமுக்கும் ஒரே பார்கோடு எண்ணைப் போடாதீர்கள். எடை மாறினால் எண்ணும் மாற வேண்டும்.

தரம் பார்க்க வெரிஃபையர் என்று தனிக் கருவி உண்டு. கோட்டின் உயரத்தில் 10 இடங்களில் குறுக்கே ஓடிப் பார்க்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்த அம்சம் மிக மோசமோ அதுவே அந்த ஓட்டத்தின் மதிப்பெண். பத்தின் சராசரிதான் இறுதித் தரம். உச்சம் 4. சில்லறைக் கடைக்குக் குறைந்தது 1.5 வேண்டும். அறிக்கை வந்தால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். ஒளி வித்தியாசம் குறைவு என்றால் மையையோ கவரையோ மாற்றச் சொல்லுங்கள். கோட்டு அகலம் பிசகு என்றால் மை பரவியிருக்கும். அச்சகத்தில் கோட்டின் அகலத்தை முன்கூட்டியே குறைத்து அடிக்கச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைக்கு வெறும் கவரைக் கொடுக்காமல், கருவாடு நிரப்பி ஒட்டிய பாக்கெட்டையே கொடுங்கள்.