புது கம்ப்யூட்டரில் நீலத்திரை: கரண்டைத் திட்டுவதற்கு முன்

யாங்கோனில் எது கெட்டாலும் நாம் முதலில் திட்டுவது கரண்டைத்தான். ஃபிரிட்ஜ் போனாலும் "மீ பியெட்" (பர்மிய மொழியில் கரண்ட் போச்சு), சோறு பாதி வெந்து நின்றாலும் "மீ பியெட்". அக்கா மகனுக்குப் பாகம் பாகமாக வாங்கி நான் அசெம்பிள் பண்ணிக் கொடுத்த கம்ப்யூட்டர் மூன்றாம் நாளே நீலத்திரை காட்டியபோதும் வீட்டில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பி ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினேன். அதற்கும் அடங்கவில்லை என்று ஒரு யூபிஎஸ். பத்து நாள் கழித்துப் பார்த்தால் கோளாறு கரண்டிலும் இல்லை, கடைக்காரர் கொடுத்த சாமானிலும் இல்லை. மதர்போர்டு மேனுவலில் நான் படிக்காமல் தள்ளிய ஒரு பக்கத்தில் இருந்தது.

நீங்களும் அந்தப் பத்து நாளைத் தொலைக்க வேண்டாம். ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரே நாளில் நாலு மாற்றம் செய்து சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது. திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் படி: அது நீலத்திரைதானா?

கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு எதையும் சொல்ல நேரம் கிடையாது. பட்டென்று அணையும், அல்லது அணைந்து தானாகத் திரும்ப எழும். நீலத்திரை அப்படி அல்ல. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் அடிமடியில் ஏதோ தப்பாகப் போவதைக் கண்டுபிடித்து, டிஸ்க்கில் இருப்பது பாழாகக் கூடாதென்று, காரணத்தை எழுதி வைத்துவிட்டுத் தானே நிறுத்திக்கொள்கிறது. எனவே நீலத்திரை வந்தால் கோபப்படாதீர்கள், அது துப்பு கொடுத்துவிட்டுத்தான் போகிறது. (2025-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 11-இல் இந்தத் திரை கறுப்பாகிவிட்டது. சோக முகமும் இல்லை. பழக்கத்தில் நீலம் என்றே சொல்கிறேன்.)

நீங்கள் அறையில் இல்லாதபோது ரீஸ்டார்ட் ஆகியிருந்தால்? ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். கெர்னல்-பவர் 41 என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். அதைச் சொடுக்கி, டீடெய்ல்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற இடத்தில் என்ன எண் என்று பாருங்கள். 0 என்றால் நீலத்திரை பதிவாகவில்லை: கரண்ட் போயிருக்கலாம், பவர் சப்ளை கைவிட்டிருக்கலாம், மிஷின் உறைந்து யாரோ பட்டனை அழுத்தி அணைத்திருக்கலாம். வேறு எண் இருந்தால் அது நீலத்திரை. 26 என்றால் மெமரி மேனேஜ்மென்ட், அதாவது ரேமைக் கையாளுவதில் தப்பு. 10, 80 இரண்டும்கூட மெமரியில் தப்பான இடத்தைத் தொட்டதற்கான எண்கள். 292 என்றால் ஹார்ட்வேரே நேரடியாகப் புகார் கொடுத்திருக்கிறது. 122 என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் நான் இதைப் பார்த்தது எட்டாம் நாள்தான். ஒன்பது பதிவுகள். இரண்டில் 0, அவை நிஜமான மீ பியெட். மீதி ஏழில் 26, 10, 80 என்று மாறி மாறி. ஸ்டெபிலைசருக்குக் கொடுத்த காசு நெஞ்சைச் சுட்டது.

இரண்டாம் படி: திரையை நிற்க வையுங்கள்

நீலத்திரை வந்த வேகத்தில் ரீஸ்டார்ட் ஆகிவிட்டால் எதையும் படிக்க முடியாது. ஸ்டார்ட் மெனுவில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடுங்கள். ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்ற பகுதியில் செட்டிங்ஸ் பட்டனை அழுத்தி, "ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்" என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அதே பெட்டியில் ஸ்மால் மெமரி டம்ப் என்று தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் 256 கிலோபைட் அளவில் ஒரு குட்டி ஃபைல் சேமிக்கப்படும். அடுத்த முறை வரும்போது போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: டம்ப் ஃபைலைப் படிப்பது

அந்தக் குட்டி ஃபைல்கள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் இருக்கும். நிர்சாஃப்டின் ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எந்த நாள், என்ன கோடு (பிழை எண்), எந்த ஃபைல் என்று வரிசையாகக் காட்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் இங்கே ஒரு தப்புப் பண்ணுவார்கள். பாதி இடத்தில் ntoskrnl என்ற பெயர் வரும். அதைக் குற்றவாளி என்று நினைத்து விண்டோஸையே திரும்பப் போடுவார்கள். அது விண்டோஸின் கரு. பிணத்தை முதலில் பார்த்தவனைப் பிடித்து உள்ளே போடுவது மாதிரி.

ஒரு பெயரை மட்டும் பார்க்காமல் மொத்த வரிசையையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவர் (ஒரு பாகத்தையோ மென்பொருளையோ விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்) பெயர் வந்தால் அந்த டிரைவர்தான். கிராபிக்ஸ், வைஃபை, ஆன்டிவைரஸ், விளக்கு மினுக்கும் மென்பொருள், எதுவாகவும் இருக்கலாம். அதை நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடுங்கள். ஒரே ஒரு டிரைவர் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மிஷின்கள் நீலத்திரையில் போய் நின்றன.

கோடும் மாறி, பெயரும் மாறி, படம் பார்க்கும்போது ஒரு தரம், சும்மா இருக்கும்போது ஒரு தரம் என்று கணக்கே இல்லாமல் வந்தால் ரேமைச் சந்தேகப்படுங்கள். புதிதாக அசெம்பிள் பண்ணிய மிஷினில் நான் முதலில் கை வைக்கும் இடம் இப்போது அதுதான்.

நான்காம் படி: ரேம்

பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும் டிடிஆர்5 ரேம், எதையும் மாற்றாமல் விட்டால் பெரும்பாலும் 4800-இல் ஓடும். பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் ஓடும், போர்டின் சொந்த மென்பொருள்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதைப் போட்டால்தான் 6000. அந்த 6000 என்பது ரேம் கம்பெனி சோதித்துப் பார்த்த வேகம். உங்கள் சிபியுவும் போர்டும் அதைத் தாங்கும் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. எனவே பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். நீலத்திரை நின்றுவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்தது.

நான் அணைத்தேன், நின்றது. மறுபடி போட்டு மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். அது ஒரு யூஎஸ்பியில் ஏற்றி, விண்டோஸ் இல்லாமலே ரேமை மட்டும் சோதிக்கும். கால் மணி நேரத்தில் சிவப்பு வரிகள் கொட்டத் தொடங்கின. இந்தச் சோதனையில் ஒரு பிழை என்றாலும் பிழைதான், "ஒன்றுதானே" என்று விடக் கூடாது. இலவசப் பதிப்பு நாலு சுற்று ஓடும். 32 ஜிபி ரேமுக்குப் பல மணி நேரம் எடுக்கும். நம் ஊரில் அவ்வளவு நேரம் தொடர்ந்து கரண்ட் இருக்காதே என்பீர்கள். பரவாயில்லை, ஒரு நேரம் ஒரு சுற்று முடிந்தாலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த "மீ லா பீ" (கரண்ட் வந்தாச்சு) சத்தம் கேட்டதும் அடுத்த சுற்று.

பிழை வந்தால் மிஷினை அணைத்து, வயரைப் பிடுங்கி, ஒரு ரேமை மட்டும் விட்டு மற்றதை எடுங்கள். தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் அது கெட்ட ரேம், கடைக்குப் போங்கள். எனக்கு இரண்டும் தனித்தனியாகச் சுத்தமாக ஓடின. சேர்த்துப் போட்டால்தான் தகராறு.

அப்போதுதான் டார்ச் அடித்துப் போர்டைப் பார்த்தேன். நாலு ஸ்லாட். சிபியுவுக்குப் பக்கத்திலிருந்து எண்ணினால் முதலாவதிலும் மூன்றாவதிலும் ரேமைச் சொருகியிருக்கிறேன். ஸ்லாட் ஓரத்தில் அரிசி அளவுக்குக்கூட இல்லாத எழுத்தில் ஏ2, பி2 என்று அச்சடித்திருந்தது இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் பக்கத்தில். மேனுவலில் அதற்கென்றே ஒரு படம், இரண்டு ரேம் என்றால் இந்த இரண்டு ஸ்லாட்தான் என்று. இன்று வரும் பெரும்பாலான போர்டுகளில் அப்படித்தான்: ஒரு சேனலின் (சிபியுவிலிருந்து இரண்டு ஸ்லாட்டுக்குப் போகும் பாதை) கம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடியும். கடைசி ஸ்லாட்டை வெறுமையாக விட்டால் அந்த மிச்சக் கம்பியில் சிக்னல் மோதித் திரும்பும். 4800-இல் சமாளிக்கும், 6000-இல் தடுமாறும்.

மாற்றிச் சொருகும்போது இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்கள், "டிக்" என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கிளிப் உள்ள போர்டில் மறுமுனை அரை மில்லி தூக்கி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள். ரேமின் தங்க நிறக் கால்களை அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் வேண்டாம், துகள் ஸ்லாட்டுக்குள் விழும்.

இன்னொன்று. டிடிஆர்5 ரேமை இடம் மாற்றினால் அடுத்த முறை எழும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் புதிதாகப் பழகிக்கொள்கிறது. அக்கா மகன் "போச்சு மாமா, போர்டு செத்துப் போச்சு" என்று பட்டனை அழுத்தப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு லபேயே (பர்மிய டீ) குடித்து முடிக்கும் நேரத்தில் படம் வந்தது. எக்ஸ்போவைப் போட்டு நாலு சுற்றும் ஓட்டினோம், இரண்டு ராத்திரி. ஒரு பிழை இல்லை.

ஐந்தாம் படி: பயாஸ் அப்டேட்

ரேம் சரி, ஆனாலும் நீலத்திரை வருகிறது என்றால் பயாஸைப் புதுப்பியுங்கள். இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு என்றால் இதைத் தள்ளிப் போடவே கூடாது. அவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்ச் சிபியு மெல்லப் பழுதாகும் கோளாறு இருப்பதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே பழுதான சிபியுவை அப்டேட் குணமாக்காது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

பயாஸ் எழுதும் நடுவில் கரண்ட் போனால் போர்டு எழாமலே போகலாம். கரண்ட் வந்த கையோடு செய்யுங்கள், போகிற நேரத்தில் அல்ல. யூபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள் (என் வீண் செலவு உதவியது இங்கேதான்). போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால், தப்பிப் போனாலும் மீட்க வழி உண்டு.

மற்றவை

292 வந்தால் ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டியது), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைத்தது) எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு, சிபியுவுக்குப் போகும் எட்டுக் கால் வயரும் கிராபிக்ஸ் கார்டு வயரும் அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கரண்டைத் திட்ட ஓரளவு நியாயம் உள்ள இடம் இதுதான், மட்டமான பவர் சப்ளையும் இந்த எண்ணைக் கொண்டுவரும். சிபியுவின் சூட்டை எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருளில் பாருங்கள். ரைசன் 7000 வகையில் 95 டிகிரி வரை போவது அதன் வடிவமைப்பு, ஆனால் சும்மா இருக்கும்போதே அங்கே நின்றால் கூலரைக் கழற்றுங்கள், அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியபடியே இருக்கக்கூடும். 122 வந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo) என்ற மென்பொருளில் எஸ்எஸ்டி டிஸ்க்கின் உடல்நலம் பாருங்கள், முதலில் படங்களை எல்லாம் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் கடைக்குத் தூக்கிப் போங்கள். வெறும் மிஷினை மட்டும் கொண்டுபோனால் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டுத் தருவார்கள், வீட்டுக்கு வந்ததும் மறுபடி நீலம். நோட்டுப் புத்தகத்தையும், திரையைப் படம் எடுத்த போனையும், மெம்டெஸ்ட் ஓட்டிய யூஎஸ்பியையும் சேர்த்து மேசையில் வையுங்கள்.