தமிழ்ப் பெயர் உடையாமல் இருக்க: மென்பொருள் எழுதுவோர் செய்ய வேண்டியவை

கௌதமன் என்பவர் இணையப் படிவத்தில் தன் பெயரைத் தமிழில் நிரப்பிப் பதிவு செய்கிறார். மறுநாள் அலுவலகத்தில் ஊழியர் அதே பெயரைத் தட்டித் தேடினால் "பதிவு இல்லை" என்று வருகிறது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஆனால் ஒருவர் தட்டியது கௌ, மற்றவர் தட்டியது ஒற்றைக்கொம்பு போட்ட கெ, அதன் பிறகு ள. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். பெயர், முகவரி, ஊர் ஆகியவற்றைத் தமிழில் வாங்கும் எந்த மென்பொருளிலும் இந்தச் சிக்கல் வரும். சரிசெய்ய ஒருநாள் வேலை போதும், ஆனால் அதைத் தரவு உள்ளே வரும் இடத்திலேயே செய்ய வேண்டும். ஐந்து லட்சம் பதிவு சேர்ந்த பிறகு தொடங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

முதலில் எண்ணிக்கை

யூனிகோடில் (உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரம்) தமிழுக்கு ஒதுக்கிய பகுதி 2944 முதல் 3071 வரை. உயிரெழுத்துக்கும் அகர மெய்க்கும் தனித்தனி எண் உண்டு. கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்கும் தனி எண் உண்டு. உயிர்மெய்க்குத் தனி எண் கிடையாது: 'கி' என்றால் க, அதன்மேல் இகரக் குறி, ஆக இரண்டு எண்கள். இவை ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் (அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) 3 பைட் பிடிக்கும்.

'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயரைப் பாருங்கள். நாம் எண்ணினால் கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி என எட்டு எழுத்து. யூனிகோட் எண்களாக 15. பைட்டாக 45. மூன்றில் எதை நீளம் என்று கொள்கிறோம் என்பதை இடத்துக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள்:

- போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ஆகிய இரு தரவுத்தளங்களிலும் வார்சார் (உரையை வைக்கும் பத்தி, அதாவது நெடுவரிசை) அளவு யூனிகோட் எண்களின் எண்ணிக்கை. ஆரக்கிளில் அமைப்பை மாற்றாவிட்டால் அது பைட். அங்கே 50 என்று வைத்த பத்தியில் 'எஸ். கிருஷ்ணமூர்த்தி' நுழையாது, அதற்கு 56 பைட் வேண்டும். ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதித்தவர்களுக்கு இது நேரலைக்குப் போன பிறகுதான் தெரியவரும்.
- எஸ்எம்எஸ்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழில் 70 எண்கள். 70ஐத் தாண்டினால் துண்டு ஒன்றுக்கு 67தான். அந்த ஒரு பெயரே 15 எடுத்துக்கொள்கிறது. வாழ்த்து வாக்கியத்தைச் சுருக்கினால் செலவு பாதியாகக்கூட ஆகலாம்.
- மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8' என்ற பழைய பெயரை நம்பாதீர்கள், அது 3 பைட்டோடு நின்றுவிடும். வழக்கமான தமிழ் அதில் அடங்கும். 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளும் எமோஜிகளும் அடங்காது. 'யூடிஎஃப்8எம்பி4' வையுங்கள்.

வெட்டும்போதும் கவனம் தேவை. வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்தைக் காட்டும் வடிவமைப்பு இப்போது எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. முதல் எண்ணை மட்டும் எடுத்தால் முருகனுக்கு 'ம' வரும், 'மு' வராது. தமிழில் தலைப்பெழுத்து என்பது முழு உயிர்மெய், அதை உடைப்பது பெயரையே தப்பாக எழுதுவதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டில் உரையை முழு எழுத்துகளாகப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள் (ஃபயர்ஃபாக்ஸில் இது 2024இல்தான் வந்தது, பழைய உலாவிகளுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும்). பிஎச்பியில் எம்பி-ஸ்டிரலென் இருக்கும் இடத்தில் கிரஃபீம்-ஸ்டிரலென். பைத்தானில் உள்ளமைந்த 'ஆர்இ'க்குப் பதிலாக 'ரெஜெக்ஸ்' என்ற நூலகத்தை நிறுவி, முழு எழுத்தைப் பிடிக்கும் அதன் பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். ஸ்விஃப்டில் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அது 'தமிழ்' என்றால் 3 என்றே சொல்லும். இவையெல்லாம் க்ஷ-வை இரண்டாக (க், ஷ) எண்ணும். அதை ஒன்றாக எண்ண வேண்டுமென்றால் நீங்களே விதி எழுத வேண்டும்.

வாசலிலேயே சுத்தம் செய்வது

'கொ' என்பதைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்று (3018), அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக (3014, 3006). இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை ஓட்டினால் இரண்டாவது முதலாவதாக மாறிவிடும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைத்திருந்தது. அங்கிருந்து வரும் கோப்புப் பெயர்கள் உங்கள் பட்டியலோடு பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

என்எஃப்சி ஓட்டினால் போதும் என்றுதான் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லும். தமிழுக்கு அது போதாது, வரிசை தவறினால் கெடுதலும் செய்யும். காரணம் 'ர்' தட்டும் பழக்கம். தட்டச்சிலும் பழைய எழுத்துருக்களிலும் ர-வும் காலும் ஒன்றுபோலத் தெரிந்ததால், காலுக்குமேல் புள்ளி வைத்து ர் என்று எழுதுவது நிலைத்துவிட்டது. 'தமிழர்' என்பது 'தமிழா்' என்று வரும், 'ரி' என்பது காலும் இகரக் குறியுமாக வரும். இப்போது 'பெரியசாமி'யை அந்த முறையில் தட்டினால்: ப, எகரக் கொம்பு, கால், இகரக் குறி. இதை என்எஃப்சியில் விட்டால் கொம்பும் காலும் ஒட்டிக்கொண்டு 'பொ' ஆகி, 'பொியசாமி' என்று உறைந்துவிடும். அதன் பிறகு காலைத் தேடும் திருத்தம் இதைக் கண்டுபிடிக்காது.

ஆகவே வரிசை இதுதான்:

1. காலுக்குப் பின் புள்ளி, இகரக் குறி, ஈகாரக் குறி ஆகிய மூன்றில் எது வந்தாலும் அந்தக் காலை ர-வாக மாற்றுங்கள். தமிழில் கால்மேல் இவை வரவே முடியாது, அதனால் பயமின்றிச் செய்யலாம்.
2. ஏற்கெனவே என்எஃப்சி ஓடிய தரவுக்காக இன்னொரு விதி: ஒகரக் குறிக்குப் பின் அந்த மூன்றில் ஒன்று வந்தால் அதை எகரக் கொம்பும் ர-வுமாகப் பிரியுங்கள். ஓகாரக் குறிக்கும் அப்படியே, ஏகாரக் கொம்பும் ர-வும். 'சோ்' என்று உறைந்தது 'சேர்' ஆகும்.
3. பிறகு என்எஃப்சி.
4. முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்குங்கள். வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வரும் உடையா இடைவெளியையும் (160) சேர்த்து.

இதுவரை செய்ததைச் சேமிக்கும் பெயரிலேயே செய்யலாம். இதற்குமேல் பெயரில் கைவைக்காதீர்கள்.

தேடலுக்குத் தனிப் பத்தி

கௌ, கெள சிக்கலை என்எஃப்சி தீர்க்காது, ஏனென்றால் ள உண்மையிலேயே வேறு எழுத்து. ஔவை என்பதை ஒளவை என்றும், மௌனம் என்பதை மெளனம் என்றும் தட்டுபவர்கள் ஏராளம். எல்லாவற்றையும் கண்மூடி மாற்றினால் கெளுத்தி மீன் மாட்டிக்கொள்ளும், அதில் ள உண்மையான ள. ஒளி, தெளிவு, வெளி எல்லாம் அந்த வகைதான்.

அதனால் பெயர்ப் பத்திக்குப் பக்கத்தில் தேடலுக்கென்று இன்னொரு பத்தி வைத்து, அதில் மட்டும் இந்தத் திருத்தங்களைச் செய்யுங்கள். ஒ அல்லது எகரக் கொம்புக்குப் பின் ள வந்து, அந்த ள-வுக்குப் பின் எந்தக் குறியும் புள்ளியும் இல்லையென்றால் மட்டும் ஔ, ௌ ஆக்குங்கள். ஶ-வை (2998) ஸ-வாக (3000) மாற்றுங்கள்: 'ஸ்ரீ'யை இரண்டில் எதை வைத்துத் தட்டினாலும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளை (8204, 8205) நீக்குங்கள், சில விசைப்பலகைகள் அவற்றைச் சொல்லாமல் சேர்க்கும். தலைப்பெழுத்துக்குப் பின் வரும் புள்ளியையும் இடைவெளியையும் எடுத்துவிடுங்கள். தேடுபவர் தட்டும் சொல்லையும் இதே செயற்கூறு (ஃபங்ஷன்) வழியாக அனுப்ப வேண்டும். இரு பக்கமும் ஒரே செயற்கூறு என்பதை விட்டுவிட்டால் மேலே செய்த எல்லாம் வீண்.

தேடல் பத்தியில் ஒரு திருத்தம் தவறாகப் போனால் ஒரு விடை கூடுதலாக வரும், அவ்வளவுதான். பெயர்ப் பத்தியில் தவறாகப் போனால் ஒருவரின் சான்றிதழில் பெயர் மாறும். இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கலப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

"எழுத்து மட்டும்" என்ற சரிபார்ப்பு

பெயரில் எழுத்து மட்டும் இருக்க வேண்டும் என்று எழுத்துகளையும் இலக்கங்களையும் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்ற குறியீட்டைப் போட்டால், பைத்தானில் 'தமிழ்' என்ற சொல் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகும். இகரக் குறியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தல்ல. எல்லாம் எழுத்துதானா என்று பார்க்கும் 'இஸ்ஆல்ஃபா'வும் இதனாலேயே இல்லை என்று சொல்லும். தலைப்பை இணைய முகவரியாக மாற்றும் ஜாங்கோவின் ஸ்லக்கிஃபையில் யூனிகோடை அனுமதித்தாலும் குறிகள் உதிர்ந்து, முகவரியில் மெய்யெழுத்தின் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். இயந்திரக் கற்றல் நூலகமான சைக்கிட்-லேர்னின் சொல் பிரிப்பானும் இயல்பமைப்பில் இதே விதியை வைத்திருக்கிறது, தமிழ் வகைப்படுத்தல் மோசமாக வந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் டபிள்யூ ஆங்கிலத்துக்கு மட்டும்தான். அங்கே யூ கொடியோடு எழுத்து வகை (எல்), குறி வகை (எம்) இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். புள்ளி, இடைவெளி, ஆங்கிலத் தலைப்பெழுத்து மூன்றையும் அனுமதியுங்கள், நம் ஊர்ப் பெயர்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன.

வரிசைப்படுத்துதல்

எண் வரிசையில் ன (2985) முன்னால், ள (2995) பின்னால். தமிழ் நெடுங்கணக்கில் ன கடைசி. ஆகவே வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் 'அவன்' முதலிலும் 'அவள்' பிறகும் வரும், அகராதியில் இது தலைகீழ். க் என்பது க-வுக்கு முன்னால் வர வேண்டும், எண் வரிசையில் கௌ-வுக்கும் பின்னால் போய்விடும். போஸ்ட்கிரெஸில் 'சி' லோக்கேலோடு உருவாக்கிய தரவுத்தளம் இப்படித்தான் அடுக்கும். பதிப்பு 10 முதல் ஐசியு (மொழிவாரி விதிகளைத் தரும் நூலகம்) வரிசைமுறை இருக்கிறது, அந்தப் பத்திக்கு 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்று குறிப்பிடுங்கள். பின்னாளில் ஐசியு நூலகம் மேம்படுத்தப்பட்டால் அந்தச் சுட்டெண்களை மறுபடி கட்டுங்கள், இல்லாவிட்டால் இருக்கும் பதிவே கிடைக்காமல் போகும். நோடில் (சேவையகத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) வரிசைப்படுத்தும் கருவியான இன்ட்ல் கொலேட்டருக்குத் தமிழ் என்று சொன்னால் போதும், ஆனால் பதிப்பு 13க்கு முந்தையவற்றில் இயல்பாக ஆங்கிலத் தரவு மட்டுமே இருந்தது. அங்கே பிழை எதுவும் காட்டாமல் வேறு வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடும்.

அச்சும் பழைய தரவும்

ரசீதிலும் சான்றிதழிலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்துருவை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. சேமிப்பில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் இருக்கும், அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது ஹார்ஃப்பஸ் போன்ற வடிவாக்க நூலகத்தின் வேலை. பைத்தானின் பட நூலகமான பில்லோவில் படத்தின்மேல் தமிழ் எழுத 'ராக்ம்' என்ற வடிவாக்க நூலகத்தை நிறுவியிருக்க வேண்டும். வடிவாக்கம் இல்லாத பிடிஎஃப் நூலகம் என்றால், குரோமை மறைவாக ஓட்டி எச்டிஎம்எல்லிலிருந்து பிடிஎஃப் எடுப்பதே சுருக்கு வழி.

பாமினி, வானவில் போன்ற எழுத்துருக் காலத்துத் தரவு வந்தால், 'தமிழ்' என்ற சொல் தரவுத்தளத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளாகக் கிடக்கும் (பாமினியில் அப்படி). எந்த எழுத்துரு என்று உறுதிசெய்து அதற்கான மாற்றியை ஓட்டி, பிறகு மேலே சொன்ன நான்கு படிகளையும் ஓட்டுங்கள். 'தமிழா்' வகைப் பிழைகள் மாற்றிகளிலிருந்தும் வரும்.

தானியங்கிச் சோதனையில் இந்தச் சொற்களை நிரந்தரமாக வையுங்கள்: கொற்றவை (இரு வடிவிலும்), பொியசாமி, சோ், ஒளவை, கெளுத்தி, ஸ்ரீ (ஸ-விலும் ஶ-விலும்), லக்ஷ்மி, எஸ். கிருஷ்ணமூர்த்தி. கெளுத்தி தேடல் பத்தியில் மாறாமல் வெளிவர வேண்டும், ஒளவை ஔவையாக வெளிவர வேண்டும்.