சாக்கே போத்தல் மூணு நாலு கிடைச்சா எப்படி டேஸ்ட் பண்றது

ஜப்பானுக்கு வேலைக்குப் போன நம்ம பசங்க லீவுல வரும்போது தூக்கிட்டு வர்ற சாக்கேய, அதாவது அரிசியப் புளிக்க வச்சு செய்யிற ஜப்பான் மதுவ, அரக்கு குடிக்கிற பழக்கத்துல சோடா ஊத்தி ஒரே மடக்குல இறக்கிட்டு "என்னடா சப்புன்னு இருக்கு"ன்னு கேக்குறவங்கதான் இங்க அதிகம். தனியா ஒண்ண மட்டும் குடிச்சா யாருக்குமே ஒண்ணும் விளங்காது, ரெண்டு மூணு வகைய பக்கத்துல பக்கத்துல வச்சு மாத்தி மாத்தி குடிச்சாதான் பிடிபடும்.

மொதல்ல லேபிளப் பாருங்க. அரிசியத் தீட்டின பிறகு எத்தன சதவீதம் மிச்சம்ங்கறதுதான் முக்கியம், 60 இல்லாட்டி அதுக்குக் கீழன்னா கின்ஜோ, 50க்கு இறங்கினா தைகின்ஜோ. ஜுன்மாய்னு போட்டிருந்தா அரிசி, தண்ணி, கோஜி பூஞ்சணம், ஈஸ்ட் அவ்வளவுதான், வெளிய இருந்து அல்கஹோல் சேர்க்கல. ஹொன்ஜோசோவுல கொஞ்சம் சேர்ப்பாங்க, அதுக்காக கலப்படம்னு நெனைக்காதீங்க, வாசனைய எடுத்துக் காட்டத்தான் அது. நிகோரி கலங்கலா வெள்ளையா இருக்கும், இனிப்பும் கூட இருக்கலாம், அதனால கடைசியா வைங்க. யமஹாய், கிமோதோ ரெண்டும் பழைய முறையில புளிக்க வைக்கிற வகை, புளிப்பும் கனமுமா இருக்கும், நிகோரிக்கு முன்னாடி வைங்க. வாசனையான கின்ஜோ, தைகின்ஜோவுலதான் தொடங்கணும்.

கப்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். ஜப்பான்ல டேஸ்ட் பண்றவங்க அடியில ரெண்டு நீல வட்டம் போட்ட வெள்ளக் கப்பு வச்சிருப்பாங்க, வெள்ளையில நிறமும் நீலத்துல தெளிவும் தெரியும்னுதான். நம்மகிட்ட அது இல்லன்னா வெள்ளத் தாள்ல நீலப் பேனாவால வட்டம் போட்டு கிளாசுக்கு அடியில வைங்க, போதும்.

குடிக்கிறது எப்படின்னு நம்மாளுங்களுக்கு சொல்லித்தரவே தேவையில்ல, தேயிலை ஃபேக்டரியில டீமேக்கர் டீய கரண்டியால எடுத்து சர்ருன்னு உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, மூக்கு வழியா மூச்ச விட்டுட்டுத் துப்புவாரே, அதேதான். துப்புறதுக்கு வெக்கப்படாதீங்க, 15, 16 சதவீதம் அல்கஹோல் இருக்கு, நாலாவது போத்தலுக்கு வரும்போது நாக்கு வேல செய்யணும்ல. நடுநடுவுல வெறும் தண்ணி குடிங்க, டெவல் பண்ணின பைட்ஸ் பக்கமே போகாதீங்க, மொளகாய் ஏறின வாய்க்கு தைகின்ஜோவும் ஒண்ணுதான் குழாத்தண்ணியும் ஒண்ணுதான்.

பெரிய விளையாட்டே சூட்டுலதான் இருக்கு. அதே சாக்கேய ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே ஒரு வாய், கொஞ்ச நேரம் வெளிய வச்சு ஒரு வாய் (நுவரெலியா குளிருக்கு ரொம்ப மாற்றம் இருக்காது, கண்டி பக்கம்னா நல்லாத் தெரியும்), அப்புறம் சின்ன ஜக்குல ஊத்தி, அடுப்ப அணைச்ச சுடுதண்ணிக்குள்ள வச்சு 40 பாகைக்குக் கொண்டுவந்து ஒரு வாய். ஜக்க தொட்டா இதமான சூடு, கைய எடுக்கத் தோணாது, அந்தப் பதம். யமஹாய் அந்தச் சூட்டுல அப்படியே வேற ஆளா மாறிடும், புளிப்பு அடங்கி அரிசிச் சுவை மேல வரும். தைகின்ஜோவ சுட வைக்காதீங்க, காசு குடுத்து வாங்கின ஆப்பிள், வாழைப்பழ வாசனையெல்லாம் ஆவியா போயிடும். என்னக் கேட்டா நம்ம ஊரு மழைக்கு, சுட வச்ச யமஹாயும் பொரிச்ச நெத்தலியும் இருக்கும்போது தைகின்ஜோவுக்கு அவ்வளவு காசு கொட்டணுமான்னுதான் கேப்பேன், ஆனா நெத்தலிய டேஸ்டிங் முடிஞ்ச பிறகு எடுங்க.

நாமான்னு லேபிள்ல இருந்தா சூடாக்கிப் பதப்படுத்தாதது, அத ஃபிரிட்ஜ்லயேதான் வைக்கணும். மத்ததும் வெயில்ல வைக்கக்கூடாது, திறந்தத ஒரு கிழமைக்குள்ள முடிச்சிடுங்க.