ஓடுகிற பழைய மின்சாதனங்களை வீட்டைவிட்டு அனுப்புவது எப்படி: திருகோணமலை வீடுகளுக்கு

திருகோணமலையில் ஒரு மின்சாதனம் ஓடாமல் கிடந்தே பழுதாகிவிடும். ஓடும்போது உள்ளே வருகிற சூடு ஈரத்தை விரட்டும். அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டால் கடற்காற்றின் உப்பும் மாரிகால ஈரமும் சேர்ந்து போர்டிலுள்ள செப்புக் கோடுகளில் பச்சை பூக்க வைக்கும், சொக்கெட்டுகளுக்குள் துரு ஏற்றும். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர வீடுகளில் இது இன்னும் கெதி. அதனால் பழைய ரிவி, டிவிடி பிளேயர், மேசைக் கொம்பியூட்டர், ரவுட்டர், யூபிஎஸ் எதுவானாலும் “ஒருநாளைக்கு உதவும்” என்று வைத்திருப்பதில் லாபமில்லை. வாங்குபவர் முன்னால் ஓட்டிக் காட்ட முடிகிற வரைக்கும்தான் அதற்கு விலையும் உண்டு, எடுக்க ஆளும் உண்டு. ஐப்பசி மழை இறங்குமுன், ஆவணி புரட்டாதிக்குள் வேலையை முடியுங்கள். சாமானும் காய்ந்திருக்கும், ஓட்டோவில் ஏற்றி இறக்கவும் சுகம்.

ஓட்டிப் பார்ப்பது

பல மாதம் கிடந்ததை எடுத்த கையோடு பிளக்கில் சொருக வேண்டாம். காற்றுத் துளைகளுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பல்லி முட்டை, கரப்பான் எச்சம், எறும்புக் கூடு மூன்றும் இங்கே சாதாரணம். செத்த பல்லி ஒன்று பவர் சப்ளையின் குறுக்கே கிடந்தால் சுவிட்ச் போட்ட நொடியில் பியூஸ் போகும், சிலவேளை போர்டே போகும். காற்றோட்டமான நிழலில் ஒரு முழு நாள் வைத்து, காய்ந்த பெயின்ற் தூரிகையால் தூசி தட்டியபிறகு சொருகுங்கள்.

இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு “நல்லா ஓடுது” என்று சொல்வதுதான் பிறகு வரும் சண்டைகளுக்குக் காரணம். போர்டிலுள்ள கப்பாசிற்றர் (மின்னைத் தேக்கும் சிறு உருளை) உப்பிய சாதனம் ஆறியிருக்கும்போது ஒரு மாதிரியும் சூடேறியபின் வேறு மாதிரியும் நடக்கும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, தானாக நின்று திரும்ப வருகிறதா, படம் சுருங்குகிறதா, கருகல் மணம் வருகிறதா என்று பாருங்கள். உலோக உடம்பைத் தொடும்போது சுள்ளென்று இழுத்தாலோ, சொருகியதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ அதை ஓடுகிற சாமான் கணக்கில் சேர்க்கக் கூடாது. வீட்டு ட்ரிப் சுவிட்ச் வழக்கமாக 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழும். உங்களைக் காப்பாற்றிய அந்தச் சுவிட்ச் கொண்டுபோகிறவர் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம்.

வட்டப் பின் பிளக்கை வெட்டிவிட்டு 13 அம்பியர் சதுரப் பின் பிளக் மாட்டிக் கொடுங்கள். உள்ளே இருக்கும் பியூஸையும் பாருங்கள். ரிவி, ரேடியோ, டிவிடி பிளேயர் போன்றவற்றுக்கு 3 அல்லது 5 அம்பியர் போதும். கடையில் பிளக்கோடு வரும் 13 அம்பியர் பியூஸை அப்படியே விட்டால், மெல்லிய வயர் உருகத் தொடங்கினாலும் பியூஸ் போகாது.

அடப்டர் தொலைந்த சாதனத்துக்குப் பாதி விலையும் கிடைக்காது. ரவுட்டர், ஸ்பீக்கர், செற் டொப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் உரிய அடப்டரைத் தேடி எடுத்து, பேப்பர் டேப்பில் பெயர் எழுதி அதிலேயே ஒட்டுங்கள். மாற்று அடப்டர் என்றால் வோல்ற் சாதனத்தில் அச்சிட்ட அளவேதான் இருக்கவேண்டும். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. முனையின் நடுப்பகுதி பிளஸா மைனஸா என்ற குறியும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். 12 வோல்ற் அடப்டரை 9 வோல்ற் ரவுட்டருக்குக் குத்திப் பார்ப்பதால் சாகிற ரவுட்டர்கள் அனேகம். ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க, போன் கமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். திரையில் நுனி மினுங்கினால் உயிரோடு இருக்கிறது. பின் கமராவில் தெரியாவிட்டால் முன் கமராவில் பாருங்கள்.

உள்ளே இருப்பதை அழிப்பது

போனில் எதை முதலில் செய்வது என்ற வரிசை முக்கியம். முதலில் படங்களையும் வட்ஸ்அப்பையும் பிரதி எடுங்கள். வங்கிச் செயலிகளைப் புதிய போனில் நிறுவி, ஓடிபி புதியதற்கு வருவதைப் பார்த்தபிறகே பழையதைத் தொடுங்கள். அடுத்து செற்றிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதன்பின்தான் ரீசெட். 2015 இல் வந்த அன்ட்ரொயிட் 5.1 தொடக்கம், கணக்கை எடுக்காமல் பக்கப் பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்த போன் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கும். வாங்கியவர் அடுத்த நாள் உங்கள் கேற்றடியில் நிற்பார். ஐபோனிலும் ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறி, போனைத் தேடும் வசதியை நிறுத்தியபிறகே அழிக்க வேண்டும். சிம், மெமரி காட் இரண்டையும் கழற்றியாயிற்றா என்று கொடுக்குமுன் இன்னொரு முறை பாருங்கள். பட்டன் போனில் தொலைபேசி இலக்கங்கள் சிம்மில் மட்டுமல்ல, போனுக்குள்ளும் இருக்கும்.

கொம்பியூட்டரில் கோப்புகளை அழித்து, குப்பைத் தொட்டியைக் காலி செய்வது போதாது. விரைவு ஃபோர்மற்றும் போதாது. அது பெயர்ப்பட்டியலைத்தான் அழிக்கும், தரவு டிஸ்க்கிலேயே கிடக்கும். விண்டோஸ் 10 இல் ரீசெட் பகுதிக்குப் போய், எல்லாவற்றையும் நீக்கும் தெரிவை எடுத்து, மேலதிக அமைப்பில் டிரைவைத் துப்புரவாக்கும் தெரிவையும் இயக்குங்கள். 500 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை முழுக்க எழுதி அழிக்க ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். கரண்ட் போய்விடாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) என்றால் தயாரிப்பு நிறுவனத்தின் அழிப்பு மென்பொருளே சரி. சுழலும் டிஸ்க்குக்கான முறை அதில் எல்லா மூலைக்கும் எட்டாது. கடைக் கணக்கு, மருத்துவ அறிக்கை, பிள்ளைகளின் ஆவணம் இருந்த டிஸ்க் என்றால் மனக்குழப்பமே வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள்.

ரவுட்டரின் பின்புறத் துளைக்குள் ஊசியால் 10 முதல் 15 செக்கன் அழுத்திப் பிடித்தால் உங்கள் இணையக் கணக்கும் வைஃபை கடவுச்சொல்லும் போய்விடும். சிசிரிவி கமராவின் படங்களைப் பதியும் டிவிஆர் பெட்டிக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் உண்டு என்பதைப் பலர் நினைப்பதில்லை.

யாருக்குக் கொடுப்பது

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைப் புரொசசரும் வேண்டும். அதனால் நன்றாக ஓடும் ஏராளமான கொம்பியூட்டர்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. 4 ஜிபி ரம் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் போன்ற ஓர் இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கலாம். தட்டச்சுப் பழகவும் சிறு கடையின் பில் எழுதவும் தாராளம். மாணவருக்குக் கொடுப்பதாக இருந்தால் தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் இயங்குவதைப் பார்த்துக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் இயந்திரம் மேசை அலங்காரம்தான்.

பாடசாலைக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை. அரச பாடசாலை ஒரு சாமானை ஏற்றால் அது பொருட்பதிவேட்டில் ஏறும். பழுதானாலும் ஆண்டுப் பொருட்கணக்கெடுப்பும் அனுமதியும் இல்லாமல் கழிக்க முடியாது. களஞ்சிய அறைகளில் அடுக்கிக் கிடக்கும் கொம்பியூட்டர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அதிபரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வேண்டாம் என்றால் கோபிக்கக் கூடாது. சனசமூக நிலையம், வாசிகசாலை, தையல் பயிலும் இடம், தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் ஓடுகிற சாமானுக்கு உண்மையான தேவை இருக்கும். மின்னியல் பழகும் பிள்ளைகளுக்குக் கழற்றிப் பூட்ட ஒரு பழைய ரேடியோவோ அம்பிளிபயரோ கிடைத்தால் பெரிய விஷயம்.

திருத்துகிற கடைகளையும் மறக்க வேண்டாம். எல்சிடி ரிவியின் பவர் போர்ட், ஸ்பீக்கர், ரிமோட், திரை எல்லாம் அவர்களுக்கு உதிரிப்பாகம். ஒரே மொடல் இலக்கமுள்ள இன்னொரு ரிவி திருத்த வந்தால் உங்களுடையது அதற்கு உயிர் கொடுக்கும். ஆகவே பின்புறத்தில் ஒட்டிய மொடல் இலக்கத்தைப் படமெடுத்துக் காட்டிக் கேளுங்கள்.

விற்பதென்றால் இக்மன் விளம்பரத் தளத்திலோ ஃபேஸ்புக்கிலோ அதே மொடல் இலக்கத்தைத் தேடி, மற்றவர்கள் கேட்கும் விலையைப் பாருங்கள். அது கேட்கிற விலைதான். வாரக்கணக்கில் நிற்கிற விளம்பரத்தின் விலையில் யாரும் வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். ஓடும்போது எடுத்த படம், குறைபாடு, உரிய துணைச்சாமான், ஊர் நான்கும் விளம்பரத்தில் இருக்கட்டும். போன் விற்றால் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்ஈஐயையும் (போனின் அடையாள எண்) திகதியையும் வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பிறகு அந்தப் போனால் பிரச்சினை வந்தால் பொலிசுக்குக் காட்ட உங்களிடம் அதுதான் இருக்கும்.

பெட்டி ரிவி

படக்குழாய் ரிவிதான் அனுப்பக் கடினம். ஓடினாலும் வாங்க ஆளில்லை, உடைத்தாலோ ஆபத்து. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி சொக்கெட் இருந்தால் செய்மதிப் பெட்டியோ பழைய விளையாட்டுக் கொன்சோலோ இன்னும் இணைக்கலாம். எச்டிஎம்ஐ மட்டும் உள்ள பெட்டி என்றால் இடையில் மாற்றி ஒன்று வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றுவதைக் கேட்டு வாங்குங்கள். பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கும் எதிர்த்திசை மாற்றியும் விற்பனையில் உண்டு, அது ஒன்றுக்கும் உதவாது.

21 அங்குல ரிவி 20 கிலோவுக்கு மேல் இருக்கும், பாரம் முழுவதும் கண்ணாடி முகத்தில். தூக்கும்போது திரை நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும். ஓட்டோவில் தடித்த பெட்சீற்றை மடித்துப் போட்டுத் திரை கீழே இருக்கும்படி வையுங்கள். பின்பக்கத்தைக் கீழே வைத்தால் ஒரு குலுக்கலில் குழாயின் கழுத்து முறியும். உள்ளே வெற்றிடம் என்பதால் முகக் கண்ணாடி உடைந்தால் சில்லுகள் உள்வாங்கித் தெறிக்கும். வண்ணப் படக்குழாயில் ஓடும் அழுத்தம் 25,000 வோல்ற் அளவு. பிளக்கைக் கழற்றியபின்னும் கொஞ்சம் தேங்கி நிற்கும் என்பதால் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பழைய இரும்புக்காரருக்கு இதில் தேவைப்படுவது கழுத்தைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருள். அதை உருவ அவர் கழுத்தை முறிப்பார், ஈயம் கலந்த கண்ணாடி பற்றைக்குள் போகும். ஆகவே பெட்டி ரிவியை அவர் வண்டியில் ஏற்றக் கூடாது. வயரை எரித்துச் செப்பு எடுப்பதும் அப்படித்தான்: பிவிசி எரியும் புகை நஞ்சு. எரிந்த செப்புக்கு உரித்த செப்பின் விலையும் கிடைக்காது.

பற்றரி, குளிர்சாதனப் பெட்டி

யூபிஎஸ்ஸை அனுப்புமுன் உள்ளிருக்கும் 12 வோல்ற் 7 அம்பியர் மணி ஈயப் பற்றரியைப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் கழற்றி வாகன பற்றரிக் கடையில் கொடுங்கள். பழைய ஈயத்துக்கு அங்கே எப்போதும் விலை உண்டு. போன், மடிக்கணினி லித்தியம் பற்றரியின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். உப்பியதை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது. மணல் போட்ட தகர வாளியில், வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போவது நெருப்பைக் கூப்பிடுவது.

குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். சரித்துக் கொண்டுபோயிருந்தால் சில மணித்தியாலம் நிமிர்த்தி வைத்தபின் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குழாய்க்குள் போன எண்ணெய் கொம்பிரசரைக் கெடுக்கும். வாசலில் வைத்து ஆள் வரும்வரை காத்திருப்பதென்றால் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளை உள்ளே போய் அடைபட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது.

ஒருவரும் எடுக்காதபோது

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இலத்திரனியல் கழிவு பட்டியலிட்ட கழிவு. அதைச் சேகரிப்பவரிடம் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும். அனுமதி பெற்றவர்களின் பட்டியலை அதிகார சபையிடம் கேட்டுப் பெறலாம். அவர்களில் பெரும்பாலோர் மேல் மாகாணத்தில் இருப்பதால் ஒரு ரிவிக்காகத் திருகோணமலைக்கு லொறி வராது. தெருவாகவோ, கோயில், பள்ளிவாசல், விளையாட்டுக் கழகம் மூலமாகவோ சேர்த்துப் பட்டியல் போட்டு, எத்தனை ரிவி, எத்தனை கொம்பியூட்டர் என்ற எண்ணிக்கையோடு பேசினால் வர வாய்ப்பு உண்டு. சேர்க்கும் இடம் கூரையுள்ளதாக இருக்கவேண்டும். படக்குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் அடுக்க வேண்டாம். கொடுக்கும்போது எடை எழுதிய பற்றுச்சீட்டு கேளுங்கள்.

மிஞ்சுவது வயர் மூட்டை. அதில் எச்டிஎம்ஐ, யூஎஸ்பி சி, மூன்று பின் பவர் வயர் ஒவ்வொன்றிலும் இரண்டை மட்டும் எடுத்துவைத்துவிட்டு மீதியை அதே லொறியில் ஏற்றிவிடுங்கள்.