கோர்ஃபுவில் மழை பிடித்துக்கொண்டால்: அந்த நாளை வீணாக்காமல் கழிப்பது எப்படி?

கிரேக்கத் தீவு என்றால் சுள்ளென்ற வெயில் என்று நினைத்துக் கோர்ஃபுவுக்கு வருகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஏதென்ஸில் ஆண்டுக்குச் சுமார் 400 மி.மீ. மழை என்றால் இங்கே 1,000 மி.மீ.க்கு மேல். தீவு இத்தனை பச்சையாக இருப்பதே அதனால்தான். ஜூலை, ஆகஸ்டில் மழை அரிது. செப்டம்பர் கடைசியில் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது மேலே குளிர்காற்று வந்து சேரும். அப்போது இடியோடு கொட்டித் தீர்க்கும். அக்டோபரில் ஒரு வாரம் தங்குகிறீர்கள் என்றால் ஒரு மழை நாளுக்காவது தயாராக வாருங்கள்.

1. காலையில் மணிவாரியாக வானிலை பாருங்கள்

கைபேசியில் மேகப் படம் தெரிந்தால் நாள் முழுக்க மழை என்று பொருளல்ல. கொட்டும், நிற்கும், மறுபடி கொட்டும். எந்த மணிக்கு இடைவெளி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதித் திட்டம் முழுக்க அதை வைத்துத்தான். ஐரோப்பாவின் அவசர உதவி எண்ணான 112இன் எச்சரிக்கை கைபேசியில் உரக்க ஒலித்தால், அதில் சொன்னபடி செய்யுங்கள்.

காற்றையும் பாருங்கள். கிரேக்கத்தில் அதைப் போஃபோர் அளவில் சொல்வார்கள்: காற்றின் வலிமைக்கு 0 முதல் 12 வரை எண். 8 போஃபோரைத் தொட்டால் பெரும்பாலும் கப்பல்களைப் புறப்பட விடமாட்டார்கள். பாக்ஸோஸ் தீவுக்குப் போகும் சிறிய சுற்றுலாப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். கப்பல் பயணம் ரத்தானால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வேறு பயணம் கேட்கலாம். ஆனால் வானிலைதான் காரணம் என்றால் ஹோட்டல் செலவு உங்களுடையது. அதனால் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் கப்பல் பயணம் வைக்கவே வைக்காதீர்கள்.

2. காரை விட்டுவிடுங்கள்

பல மாதம் காய்ந்து கிடந்த சாலையில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். முதல் மழையில் அது வழவழவென்று ஆகிவிடும். பாந்தோக்ராத்தர் மலைப்பக்கம் கொண்டை ஊசி வளைவுகள் வேறு. கிராமத்தில் தங்கியிருந்தால் பச்சைப் பேருந்தில் நகரத்துக்கு வந்துவிடுங்கள்.

பழைய நகரத்தின் சந்துகளுக்குக் 'கந்தூனியா' என்று பெயர். கால்பட்டுத் தேய்ந்த கல்தரை, நனைந்தால் பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும், செருப்பு உதவாது. குடையைவிடத் தலைமூடி உள்ள மழைக்கோட்டு நல்லது. கடற்காற்று குடையைத் திருப்பிவிடும்.

3. தூரத்து அருங்காட்சியகம் முதலில்

பலர் மழைக்கு ஒதுங்க முதலில் கண்ணில் படும் இடத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பிறகு அடுத்த இடத்துக்குப் போக வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். மழை விட்ட நேரத்தில், கரித்ஸா பக்கம் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு நடந்துவிடுங்கள். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு. அன்று திறந்திருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள்.

இங்கே பார்க்க வேண்டியது, கிரேக்க வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் கோயில் முகப்பிலிருந்த முக்கோணச் சிற்பம். சுமார் கி.மு. 580, அகலம் ஏறக்குறைய 17 மீட்டர். முதலில் பின்னால் தள்ளி நின்று முழுதாகப் பாருங்கள். நடுவில் மெதூசா, கிரேக்கப் புராணத்தின் பாம்புக்கூந்தல் அரக்கி, முழங்கால் மடங்கியபடி ஓடுகிறாள். இடுப்பில் இரண்டு பாம்புகளே கச்சையாகப் பின்னியிருக்கின்றன. பிறகு நெருங்கிப் போய் அவள் இரு பக்கமும் கவனியுங்கள்: சிறகுக் குதிரை பெகாசஸ், மகன் கிரிசாவர். கதைப்படி, தலை வெட்டுப்பட்ட பிறகு அவள் கழுத்திலிருந்து பிறந்தவர்கள் இவர்கள். இங்கேயோ தலை இருக்கும்போதே பிள்ளைகள் பக்கத்தில் நிற்கிறார்கள். முன்னும் பின்னும் நடந்ததை ஒரே சிற்பத்தில் சேர்த்துச் சொல்லியிருக்கிறான் சிற்பி. இதற்கு மட்டுமே அரை மணி நேரம் கொடுக்கலாம்.

4. அடுத்து, பழைய நகரத்தின் பெரிய திடலான ஸ்பியனாதாவின் வடக்கு ஓரம்

பிரிட்டிஷ் ஆட்சியில், 1819இல் கட்டத் தொடங்கிய அரண்மனையில் ஆசியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. சீன, ஜப்பானியப் பொருள்களே அதிகம். இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதியில் கிரேக்கச் சாயலோடு உருவான காந்தாரச் சிற்பங்களைத் தவறவிடாதீர்கள். புத்தரின் ஆடை மடிப்பைப் பாருங்கள். காலையில் பார்த்த கிரேக்கக் கலையின் வாரிசு அது. வெளியே வந்தால் பக்கத்திலேயே லிஸ்டன் வளைவு மண்டபம், நனையாமல் நடக்கலாம். அங்கே காபி விலை கூடுதல். இரண்டு சந்து உள்ளே போனால் குறையும்.

5. சாப்பாடு

காரம் வேண்டுமென்றால் 'பூர்தெத்தோ' கேளுங்கள்: சிவப்பு மிளகாய்த்தூள் போட்ட மீன் குழம்பு. கிரேக்கச் சமையலில் இவ்வளவு காரம் அபூர்வம். 'சோஃப்ரித்தோ' பூண்டும் வினிகரும் வெள்ளை ஒயினும் சேர்ந்த கன்றிறைச்சி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனம். குடிக்க 'த்ஸித்ஸிபீரா': பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன இஞ்சி பானம். இஞ்சிக்கான பழைய கிரேக்கச் சொல் 'ஸிங்கிபெரிஸ்'. அதன் வேர் நம் 'இஞ்சி'யில் இருப்பதாக மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

6. மழை விட்டதும்

உடனே கடலில் இறங்காதீர்கள். இடி முழக்கம் ஓய்ந்து அரை மணியாவது ஆகட்டும். ஓடை வந்து கலக்கும் இடத்தில் அன்று குளிக்கவே வேண்டாம், ஊர்க் கழிவெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அதற்குப் பதில் பழைய கோட்டைப் பக்கம் கடலோரமாக நடங்கள். தூசி கழுவப்பட்ட காற்றில், எதிர்க்கரை அல்பேனிய மலைகளின் மடிப்புகள்கூடத் தெளிவாகத் தெரியும்.