அரசு அட்டையை நம்பி டாப்-அப் வாங்கும்போது கணக்கு எங்கே பிசகுகிறது?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கம் தமிழ்க் குடும்பங்களில் போடப்படும் கணக்கு இது: "5 லட்சம் வரைக்கும் கவர்மென்ட் கார்டு பார்த்துக்கும், அதுக்கு மேல ஒரு டாப்-அப் இருந்தா போதும்." டாப்-அப் என்பது, குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய மருத்துவச் செலவை மட்டும் தரும் காப்பீட்டு பாலிசி. பிரீமியமும் குறைவு, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையின் வரம்பைப் பாருங்கள். ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் என்பது பி.பி.எல். (வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள) குடும்பத்துக்கு. ஏ.பி.எல். (அந்தக் கோட்டுக்கு மேலே) என்றால், சிகிச்சைக்கு இவ்வளவு என்று அரசு மொத்தமாக நிர்ணயித்த பேக்கேஜ் கட்டணத்தில் 30 சதவீதம்தான், அதுவும் ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை. பெரிய சிகிச்சைக்கு நேரே தனியார் மருத்துவமனைக்குப் போய் அட்டையை நீட்டுவதும் தவறு. அவசர சிகிச்சை தவிர மற்றவற்றுக்கு அரசு மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். தமிழ்நாட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்கள் குடும்பம் மத்தியத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும். வெளிமாநிலத்தில் செல்லுபடியாவது அதைப் பொறுத்ததுதான்.

அடுத்தது டிடக்டிபிள், அதாவது டாப்-அப் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் வேறு வழியில் சமாளிக்க வேண்டிய தொகை. 5 லட்சம் டிடக்டிபிள் என்றால், அதைத் தாண்டிய பிறகே பாலிசி பணம் தரும். அந்த முதல் 5 லட்சத்துக்கு மருத்துவமனை பில் காட்ட வேண்டும். அரசுத் திட்டமோ பேக்கேஜ் தொகையை மருத்துவமனைக்கே கொடுத்துவிடுகிறது. அதே அறுவைக்கு வெளியே வாங்கும் கட்டணத்தைவிட அது குறைவு. இரண்டும் ஒரே பில்லில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படும் என்று எண்ணி வாங்காதீர்கள். அடித்தளமாக 3 அல்லது 5 லட்சத்துக்கு ஒரு சாதாரண பாலிசி, அதன்மேல் சூப்பர் டாப்-அப் என்பதே பத்திரம். வெறும் டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனியாகப் பார்க்கும்: ஒரே ஆண்டில் 3 லட்சம், 4 லட்சம் என இரண்டு பில் வந்தாலும் ஒரு ரூபாய்கூட வராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 2 லட்சம் தரும்.

ரூம் வாடகையில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். 3 லட்சம் பாலிசியில் நாள் வாடகை 1 சதவீதம், அதாவது 3,000 என்று வரம்பு இருக்கிறது; நீங்கள் 6,000 ரூம் எடுத்து 5 நாள் தங்குகிறீர்கள். வாடகை 30,000-இல் 15,000 கிடைக்கும். அதோடு நிற்காது. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணம் 1,20,000 என்றால் அதிலும் பாதிதான். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை 80,000 மட்டும் வெட்டுப்படாது. மொத்தம் 2,30,000-க்கு 1,55,000 வரும்; ரூமுக்காகக் கூடுதலாக 15,000 செலவழித்த இடத்தில் 75,000 போகிறது. எந்த ரூமுக்கும் ஒரே சிகிச்சைக் கட்டணம் வாங்கும் மருத்துவமனையில், ரூம் வாடகை விகிதத்தில் மற்ற பில்லையும் வெட்டும் இந்த விகிதக் கழிவு கூடாது. மருத்துவமனையின் காப்பீட்டு டெஸ்கில் கேட்டுவிட்டு ரூம் எடுங்கள்.

பாலிசி எடுக்கும்போது சர்க்கரை, பி.பி. இருப்பதை மறைப்பது பற்றி நீட்ட வேண்டியதில்லை. மறைத்தால் கிளெய்ம் போகும். சொன்னால் அந்த நோய்களுக்குக் கிளெய்ம் கிடைக்க அதிகபட்சம் 3 ஆண்டு காத்திருப்பு, அவ்வளவே.

பாலிசி இருப்பவர்களும் செய்யும் ஒரு தவறு, அரசு மருத்துவமனையில் அட்டையைக் காட்டாமல் விடுவது. "அங்கே எல்லாம் இலவசம்தானே, கார்டு எதுக்கு?" என்கிறார்கள். அட்டை பதிவானால் பேக்கேஜ் தொகை அந்த மருத்துவமனைக்கு வரும். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி அரசின் சுகாதாரச் செலவு ஜி.டி.பி.யில் 1.84 சதவீதம், 2017 தேசிய சுகாதாரக் கொள்கை வைத்த இலக்கு 2.5. இப்படித் தட்டுப்பாடு இருக்கும் இடத்தில் கிளெய்ம் பணமும் வராமல் போனால், கடைசியில் மருந்தை வெளியே வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதித் தருவார்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் வாய்வார்த்தையாக வாதாடாமல் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் தீராவிட்டால், பெங்களூரிலேயே இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.